மூலிகை பறிக்க ஒரு பருவம் உண்டு

ஏற்காட்டு மலையில், மாரமங்கலம் பக்கம் வேலியோரமாக நடந்தாலே கை நிறைய மூலிகை கிடைக்கும். ஆனால் கிடைப்பதெல்லாம் மருந்தாகிவிடாது. கசப்பும் காரமும் மணமும் செடி தனக்காகச் சேர்த்துக்கொள்பவை. பூச்சியை விரட்டவும் வெயிலைத் தாங்கவும் அவை வேண்டும். செடியின் வயதுக்கும் பருவத்துக்கும் தக்கபடி அவை ஏறும், இறங்கும். எங்கள் வீட்டில் பறிப்பதற்கென்று கடைப்பிடிப்பவற்றை எழுதுகிறேன்.

1. முதலில் மிளகு. காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களிலெல்லாம் கொடி ஏறியிருக்கும். சரத்தில் ஒன்றிரண்டு மணி மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறியதும் முழுச் சரத்தையும் பறித்துவிடலாம். அதற்கு முன் பறித்தால் காய்ந்தபின் மணி பொக்காகிவிடும். எண்ணெய் எடுக்கும் ஆலைகள் முற்றாத காயைத்தான் தேடி வாங்கும். முற்ற முற்ற மாவுச்சத்து ஏறுவதால், அதே எடையில் எண்ணெயின் பங்கு குறைந்துவிடுகிறது. வீட்டுக்கோ, கனமும் உறுதியும் உள்ள முற்றிய மிளகே நல்லது. உதிர்த்த மணிகளைக் கூடையிலிட்டு, கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து வெயிலில் போடுங்கள். ஒரே சீராகக் கறுத்து, சீக்கிரம் காயும். நன்கு பழுத்த மணியை ஊறவைத்துத் தோல் நீக்கினால் வெள்ளை மிளகு. காரம் தரும் பைப்பரின் உள்ளே பருப்பில் இருப்பதால் காரம் நிற்கும். தோலோடு மணத்தில் ஒரு பங்கு போய்விடும்.

2. நிலவேம்பை மொட்டு விட்டுப் பூக்கத் தொடங்கும்போது அறுக்க வேண்டும். கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராபோலைடு இலையில் மிகுந்திருக்கும் நேரம் அது. விதைத்து மூன்று நான்கு மாதத்தில் அந்தப் பருவம் வரும். காய் முற்றி இலை உதிர்ந்தபின் பிடுங்கினால் கையில் மிஞ்சுவது தண்டுதான். 2012-இல் டெங்கு பரவியபோது தமிழக அரசே வழங்கிய நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்குகள் உண்டு. நிலவேம்பை மட்டும் கொதிக்க வைத்துவிட்டு அதே பெயரால் அழைப்பது சரியல்ல.

3. கீழாநெல்லியின் சத்தான ஃபில்லாந்தின் பெரும்பாலும் இலையில்தான் இருக்கிறது. செடி பச்சையாக, இலை அடர்ந்து நிற்கும்போதே எடுங்கள். பழுத்து இலை கொட்டிய செடியைக் கட்டுக்கட்டாகச் சேர்ப்பது வீண் வேலை.

4. துளசியை வெயில் அடிக்கும் நாளில், பனி உலர்ந்தபின் பறியுங்கள். மழை விட்ட கையோடு பறிக்க வேண்டாம். நன்கு பூத்திருக்கும்போது எண்ணெய் மிகுதி.

5. சுக்குக்கு இஞ்சியை எட்டு, ஒன்பது மாதம் விட்டுவைத்து, இலை மஞ்சளானபின் தோண்டுங்கள். தோலைக் கத்தியால் ஆழமாகச் சீவாதீர்கள். மண எண்ணெய் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. மூங்கில் சில்லால் மேலாகச் சுரண்டினால் போதும். காயும்போது இஞ்சியிலுள்ள ஜிஞ்சராலில் ஒரு பகுதி ஷோகாலாக மாறும். சுக்கின் காரம் இஞ்சியின் காரத்தைவிட உறைப்பாக இருப்பது இதனால்தான்.

6. காயவைப்பதில்தான் இந்த மலையில் பாதி மருந்து போகிறது. ஒரு கார்த்திகை மாதம் கீழாநெல்லியைத் திண்ணையில் பரப்பினேன். மூடுபனி விலகவே இல்லை. நாலாம் நாள் வெள்ளையாகப் பூசணம் பூத்து, அத்தனையையும் கொட்டினேன். அதிலிருந்து மெல்லிய அடுக்காக, காற்றோடும் அறையில், நிழலில், தரையிலிருந்து உயர்த்திய வலைமேல்தான் பரப்புகிறேன். பனி இறங்கும் முன் எடுத்து மூடிவிடுவேன். அடுப்புக்கு மேலே பரணில் போட்டால் புகை ஏறும். சூடும் சில சத்துகளுக்கு ஆகாது. நம் மரிக்கொழுந்துக்கு உறவான ஒரு செடியிலிருந்து மலேரியா மருந்து கண்டவர் சீனத்து தூ யோயோ. கொதிக்க வைத்ததில் மருந்து சிதைகிறதோ என்று ஐயுற்று, 1971-இல் சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரால் சாரம் எடுத்து வெற்றி கண்டார். மருந்து இலையில்தான் இருந்தது. செடி வளர்ந்த ஊரைப் பொறுத்தும் அதன் அளவு மாறியது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

7. காப்பிக்கும் மிளகுக்கும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை தெளிப்பார்கள். தெளித்த தோட்டத்தில், செடிக்கடியில் முளைத்த எதையும் மருந்துக்குப் பறிக்காதீர்கள். அடுத்த தோட்டத்தில் எப்போது தெளித்தார்கள் என்று கேட்டுக்கொள்வதில் கூச்சம் வேண்டாம்.

8. மருதம்பட்டை வேண்டுமென்றால் மரத்தைச் சுற்றி வளையமாக உரிக்கவே கூடாது; இலையில் ஆகும் உணவு வேருக்கு இறங்க வழியின்றி மரம் பட்டுப்போகும். முதிர்ந்த மரத்தில், நெடுக்காகக் குறுகிய பட்டையாக, ஒரு பக்கம் மட்டும் எடுங்கள். காட்டு மரத்தில் கை வைக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். நெல்லிக்காய்க்காகக் கிளையை வெட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. காயைக் கையால் பறித்தால் அடுத்த ஆண்டும் அதே கிளை காய்க்கும்.

9. கண்வலிக்கிழங்கை வீட்டு வைத்தியத்தில் சேர்க்கவே வேண்டாம். அதைத் தரும் செங்காந்தள் நம் மாநிலப் பூ, அழகுதான். அதன் விதையிலும் கிழங்கிலும் உள்ள கோல்சிசின் உயிரைப் பறிக்கும்.

10. காய்ந்த இலையைக் கையில் நொறுக்கிப் பாருங்கள். மொறுமொறுவென்று உடைந்தால் மட்டும் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். மேலே ஒரு சீட்டு ஒட்டி, செடியின் பெயர், எந்தப் பாகம், பறித்த மாதம், பறித்த இடம் நான்கையும் எழுதுங்கள். நிறமும் மணமும் போன இலையை எருக்குழியில் கொட்டிவிட்டு, புதிதாகப் பறிக்க அடுத்த பருவம் வரை பொறுத்திருங்கள்.