எரிவாயு சிலிண்டர் மாற்றும் முறை

காஞ்சிபுரம் வட்டாரத்தில் உழவும் நெசவும் சேர்ந்த வீடுகளில் தறியும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ் இருப்பதுண்டு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவிக் குழித்தறிப் பள்ளத்தில் தேங்கும். ஒரு பொறி போதும். 2022 செப்டம்பரில் இம்மாவட்டத்துத் தேவரியம்பாக்கத்தில் எரிவாயுக் கிடங்கு தீப்பற்றி உயிர்ச்சேதம் ஏற்பட்டது.

சிலிண்டரை மாற்றுமுன் அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி அனைத்தையும் அணைத்து, கதவு சன்னல்களைத் திறக்கவும். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, காலி சிலிண்டருக்கு மூடியிடவும். புதியதை நிமிர்த்தி வைத்து, வால்வினுள் ரப்பர் வளையம் இருப்பதைப் பார்த்த பின்பே ரெகுலேட்டரைப் பொருத்தவும். திறந்ததும் இணைப்பில் சோப்பு நீர் தடவவும். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திச் சோதிக்கக் கூடாது.

கசிந்தால் ரெகுலேட்டரை மூடவும். மின் சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்து 1906 எண்ணை அழைக்கவும்.