தோற்றமும் தீர்ப்பும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நாம் சிறுவயது முதல் கேட்டுவரும் பழமொழி. அகம் தெரிகிறதோ இல்லையோ, வயதுகூட முகத்தில் சரியாகத் தெரிவதில்லை என்பதை நாங்கள் நால்வரும் ஒரு சனிக்கிழமை டவுன் பஸ்ஸில் கற்றுக்கொண்டோம்.

அன்று சிறப்பு வகுப்பு முடிந்து பஸ் ஏறினோம். எங்களுக்கு உட்கார இடம் கிடைத்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் ஒரு பெண் கைக்குழந்தையுடன் ஏறினாள். மெலிந்த உடல், கசங்கிய சுடிதார், வாராத தலை. நெற்றியில் பொட்டில்லை, கழுத்தில் ஒன்றுமில்லை. பின்னால் தலைமுடிக்குச் சிவப்புச் சாயம் பூசிய ஓர் இளைஞன், ஒரு கையில் பிளாஸ்க்கும் மறு கையில் துணிப்பையுமாக ஏறினான். "நம்ம வயசுதான்டி இருக்கும்" என்று எங்களில் ஒருத்தி காதைக் கடித்தாள். மற்ற மூவரும் சிரித்தோம். முன் சீட்டிலிருந்த பெரியவர், "படிக்கிற வயசுல இதெல்லாம் தேவையா?" என்று யாரிடமோ சொல்வதுபோல் உரக்கச் சொன்னார். ஒரு வயதான அம்மா நேராகவே கேட்டுவிட்டார்: "ஏம்மா, உனக்கு என்ன வயசு?"

"இருபத்து மூணு, பாட்டி. ஆபரேஷன் பண்ணித்தான் பிறந்தான். மஞ்சள் காமாலைன்னு ஒரு வாரமா லைட்டுல வச்சிருந்தாங்க. இன்னைக்குத்தான் அனுப்பினாங்க."

அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் எங்களைச் சுட்டது. கண்டக்டர் வந்து, "ஸ்கூல் பிள்ளைங்களா, ஒரு ஆள் எழுந்திரிங்கம்மா" என்று சொல்லும்வரை அந்த அக்கா மூன்று ஸ்டாப் நின்றே வந்தார்.

நீதிமன்றத்தில் தீர்ப்புக்கு முன் சாட்சிகளை விசாரிப்பார்கள் அன்றோ? நாங்கள் நம்பிய சாட்சிகளைப் பிறகுதான் விசாரித்தோம். வளரும் பருவத்தில் போதிய சத்துணவு கிடைக்காத பெண் இருபத்தைந்து வயதிலும் சிறுமிபோல் இருக்கக்கூடும். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் கொடுக்க வேண்டும். அதில் பாதி இரவில். தலை வார நேரம் ஏது? ஆபரேஷன் அறைக்குள் நகை அணிந்து போக விடுவதில்லை. கழற்றிய தாலிச் சங்கிலி வீட்டில் பத்திரமாக இருந்திருக்கும். பொட்டும் நகையும் அணியாத சபையைச் சேர்ந்த அம்மாக்கள் நம் பள்ளிக்கும் வருகிறார்களே, அவர்களை யாராவது சந்தேகிக்கிறோமா? சாயம் பூசிய முடியைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் அத்தனை குலுக்கலிலும் அந்த அண்ணன் பிளாஸ்க்கைச் சாயவிடவில்லை.

எங்களில் ஒருத்தியின் பாட்டிக்கு 1973-இல் திருமணம், வயது பதினாறு. அன்றைய சட்டப்படி அது குற்றமன்று. 1929-ஆம் ஆண்டு சாரதா சட்டம் பெண்ணின் மண வயதை 14 என்று வைத்தது. அது 1949-இல் 15 ஆயிற்று. 1978-இல்தான் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று உயர்ந்தது. பதினேழு வயதில் பாட்டி பிள்ளையோடு பஸ் ஏறினால் எழுந்து இடம் கொடுப்பார்களாம். இதனால் அந்தக் காலமே நல்லது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றதைப் பாட்டி இன்றும் சொல்லி வருந்துகிறார்.

அப்படியானால் பதினெட்டு நிரம்பாத தாய்மார் இன்று இல்லையா? உண்டு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 12.8 சதவீதத்தினர் பதினெட்டு வயதுக்கு முன்பே மணமானவர்கள். ஆனால் 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் யாரைத் தண்டிக்கிறது? மணந்துகொண்ட வயது வந்த ஆணையும், திருமணத்தை நடத்தி வைத்தவர்களையும். அந்தச் சிறுமியை அல்ல. பஸ்ஸில் நாம் முறைத்துப் பார்ப்பதோ அவளைத்தான்! அப்படியொரு திருமணம் நடக்கப்போவது தெரிந்தால் 1098-க்குப் போன் செய்யலாம். குழந்தையை ஏந்தி நிற்பவளுக்கு அந்த நேரத்தில் தேவை ஒரு சீட். அவளுக்கு வயது பதினேழானாலும் இருபத்து மூன்றானாலும் கை வலிக்கத்தான் செய்யும்.

இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னோம். வயதைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. "பிள்ளை அழுதானா?" என்று கேட்டார். "இல்லை பாட்டி, தூங்கிக்கொண்டே வந்தான்" என்றோம். "ஏறினதும் உட்கார இடம் கொடுத்தீங்கல்ல?" என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.