தேமல் என்றால் எது?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அடுக்ககத்துப் பெரியவர் ஒருவரை மருந்துக் கடைக்கு அழைத்துப் போனேன். ஊரிலிருந்து தில்லிக்கு, மகன் வீட்டோடு வந்து தங்கியவர், இந்தி தெரியாது. முன்கையில் வெளிறிய திட்டு ஒன்று. "ஏதோ தேமல் தம்பி, ரெண்டு வருஷமா இருக்கு" என்றார். நான் கடைக்காரரிடம் 'சஃபேத் தாக்' என்று சொன்னேன். அவர் ஒரு களிம்பை எடுத்துக் கொடுத்தார்.

இதனால் இரண்டு தீங்குகள் நேர்ந்தன. கடையில் நின்ற அண்டை வீட்டார் காதில் அந்தச் சொல் விழுந்து, பெரியவரோடு லிஃப்டில் ஏறவே சிலர் தயங்கினர். களிம்பைத் தடவி ஐந்து மாதம் வீணாயிற்று. பிறகு அரசு மருத்துவமனையில் ஒரு மருத்துவர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் திட்டைத் தொட்டார். பெரியவருக்குத் தொட்டதே தெரியவில்லை. தொழுநோயின் தொடக்கம். உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறையில், ஆறு மாதம் இலவசமாக மாத்திரை கொடுத்தார்கள். குணமாகிவிட்டார். ஆனால் அந்த ஐந்து மாதத் தாமதம் என் மொழிபெயர்ப்பால் வந்தது. அதனால்தான் இந்தப் பாடம்.

தேமல் ஒன்றல்ல

'தேமல்' என்று நாம் சொல்வதில் குறைந்தது நான்கு அடங்கும்.

மார்பு, முதுகு, கழுத்தில் வெளிறியோ பழுப்பாகவோ பரவி, சுரண்டினால் மாவு போல உதிர்வது ஒருவகைப் பூஞ்சையால் வருவது. அந்தப் பூஞ்சை எல்லோர் தோலிலும் இயல்பாகவே இருப்பதுதான். குளிக்காததால் வந்தது என்று பிள்ளைகளைத் திட்ட வேண்டாம்.

குழந்தைகளின் கன்னத்தில் வறண்டு, ஓரம் தெளிவில்லாமல் தெரியும் வெளிர்திட்டு பெரும்பாலும் நாளடைவில் தானே மறையும்.

பால் போல வெளுத்து, ஓரம் தெளிவாக, செதில் இல்லாமல் இருப்பது வெண்புள்ளி. மருத்துவர் விட்டிலிகோ என்பார். இந்தியில் 'சஃபேத் தாக்' என்றால் பெரும்பாலும் இதைத்தான் நினைப்பார்கள். நிறம் தரும் அணுக்கள் அழிவதால் வருவது, தொட்டால் ஒட்டாது.

நான்காவது, உணர்ச்சியற்ற திட்டு. வெளிறியோ சிவந்தோ இருக்கும். பால் வெண்மையாக இராது. தொட்டாலும் சுட்டாலும் தெரியாது. இதற்கு வேண்டிய இந்திச் சொல் 'சுன்ன'. அன்று நான் சொல்லாமல் விட்ட சொல் இதுதான்.

தாக் வேறு, தாத் வேறு

நம் காதுக்கு இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கும். 'தாக்' என்றால் கறை, புள்ளி. 'தாத்' என்றால் படர்தாமரை. வட்டமாக, ஓரம் சிவந்து தடித்து, நடுப்பகுதி தெளிந்து, கடுமையாக அரிக்கும். ஆங்கிலப் பெயரில் புழு இருந்தாலும் இதில் புழு ஏதுமில்லை, இதுவும் பூஞ்சைதான். 'தாத்' என்றதும் சில கடைகளில் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தந்துவிடுவார்கள். அரிப்பு உடனே அடங்கும்; பூஞ்சையோ மேலும் பரவும். வட்ட வடிவமும் மாறிவிடுவதால் பின்னர் மருத்துவராலேயே அடையாளம் காண முடியாமல் போகலாம்.

அக்கியும் காணாக்கடியும்

உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக எரிச்சலும் வலியும் வந்து, பிறகு நீர்க்கொப்புளம் கிளம்பினால் அக்கி. ஹெர்பிஸ் ஸோஸ்டர் என்பது மருத்துவர் வழக்கு. ஊரில் காவி குழைத்து அக்கி எழுதுவார்கள். எழுதினாலும், 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால்தான் பலன் அதிகம். கண்ணருகே வந்தால் அன்றே ஓட வேண்டும்.

திடீரென்று தடித்து, அரித்து, சில மணி நேரத்தில் இடம் மாறுவது காணாக்கடி. இந்தியில் 'பித்தி', மருத்துவர் அர்ட்டிகேரியா என்பார். பூச்சி கடித்துத்தான் வரவேண்டும் என்பதில்லை. உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு முட்டினால், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பெயரை விட்டு, அடையாளம் சொல்லுங்கள்

நோயின் பெயரை நாம் சொல்ல வேண்டியதில்லை. அது மருத்துவர் வேலை. கண்ணுக்கும் கைக்கும் தெரிவதைச் சொன்னால் போதும். சில சொற்கள்:

அரிப்பு – குஜ்லி
எரிச்சல் – ஜலன்
வலி – தர்த்
மரத்துப்போதல் – சுன்ன
சிறு பரு – தானா
கொப்புளம் – சாலா
கட்டி – ஃபோடா
சீழ் – மவாத்
பொருக்கு – பப்டி
வேர்க்குரு – கமோரி

இவற்றோடு ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதி எடுத்துப் போங்கள். எப்போது, எங்கே தொடங்கியது? தட்டையா, தடிப்பா? அரிக்கிறதா, வலிக்கிறதா, மரத்திருக்கிறதா? வீட்டில் வேறு யாருக்கும் உண்டா? இதுவரை என்ன தடவினீர்கள்? கடைசிக் கேள்விக்குக் கூச்சப்படாமல் களிம்புக் குழாயையே எடுத்துக் காட்டுங்கள்.

ஊரிலிருந்து பெரியவர்கள் வந்திருக்கும் வீடுகளில் இன்னும் ஒன்று. "ஏதோ தேமல்" என்று அவர்கள் சொன்னால், கண்ணை மூடச் சொல்லி ஒரு பஞ்சால் தொட்டுப் பாருங்கள். தொட்டது தெரியவில்லை என்றால், மருந்துக் கடைக்குப் போகாமல் நேரே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.