சொல்லாத பரிசும் சொல்லக் கூடாத பொய்யும்



கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும்போதெல்லாம் தையல் வகுப்பில் என்னிடம் வரும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், வீட்டில் தெரியாமல் இதை எப்படி முடிப்பது?" கடையில் வாங்கும் பரிசைக் கடைசி நாளில் கொண்டு வந்து ஒளித்துவிடலாம். கையால் செய்யும் பரிசோ பத்துப் பதினைந்து நாள் வீட்டாரின் கண்ணெதிரே வளர வேண்டியது. அதை மறைப்பது ஒரு கலை. அக்கலைக்கு ஓர் எல்லையும் உண்டு. இவ்விரண்டையும் இங்கே காண்போம்.

அம்பத்தூரில் 1964-இல் தொழிற்பேட்டை அமைந்தது. ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலைகள் எழுந்தன. ஆகவே நம் பகுதியில் ஷிப்டு வேலை பார்க்கும் குடும்பங்கள் பல. அப்பா இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குவார். அண்ணன் பிற்பகலில் புறப்படுவான். ஆளில்லாத நேரம் என்பதே வீட்டில் இராது. இருப்பதோ ஒரே பீரோ. அதன் சாவி அம்மாவின் இடுப்பில். போதாக்குறைக்குத் தம்பி தங்கையரின் துருவும் கண்கள்! இங்கே இரகசியம் காப்பது எளிதன்று.

முதல் இடர்ப்பாடு அளவெடுப்பதில் வரும். விவிலியத்தில் சாமுவேலின் தாய் அன்னா, சீலோவில் இறைபணிக்கு விட்டுவந்த தன் மகனுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு மேலாடை செய்து கொண்டுபோனதாக முதல் சாமுவேல் நூலில் படிக்கிறோம். வளரும் பிள்ளைக்கு, அருகில் இல்லாமலே அளவறிந்து செய்திருக்கிறாள்! அன்புள்ளவர் கண்ணாலேயே அளந்துவிடுவர் போலும். நமக்கோ ஓர் உபாயம் வேண்டும். ஆளை அளக்காதீர்கள், அவர் பயன்படுத்தும் பொருளை அளந்திடுங்கள்.

எடுத்துக்காட்டாக, அப்பாவின் சாப்பாட்டு கேரியருக்கு ஒரு துணிப்பை தைப்பதாகக் கொள்வோம். கேரியரைக் கழுவி வைக்கும் வேலையை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு உதவியாகும், அளவும் கிடைக்கும். கேரியரின் விட்டம் 14 செ.மீ. என்றால் சுற்றளவு 44 செ.மீ. தாராளத்துக்கு 4 செ.மீ., இரு ஓரத் தையலுக்கும் சேர்த்து 3 செ.மீ. ஆகப் பைக்குத் தேவையான துணியின் அகலம் 51 செ.மீ. கணக்கு வகுப்பில் படித்த வட்டம் இங்கே கைகொடுக்கிறதல்லவா?

அடுத்தது, மறைக்கும் முறை. வெட்டிய துண்டுகளில் முதலில் சங்கிலித் தையல், காம்புத் தையல் போன்ற பூவேலைகளை எல்லாம் முடித்துவிடுங்கள். துண்டுகளை இணைப்பதைக் கடைசி நாளுக்கு வையுங்கள். இணைக்கும்வரை அது இன்னதென்று யாருக்கும் விளங்காது. தையற்பெட்டியை வகுப்பு அலமாரியிலேயே விட்டுச் செல்வது நலம். வண்ண நூல் துணுக்கு ஒன்று பாவாடையில் ஒட்டியிருந்தாலும் அம்மாவின் கண்ணுக்குத் தப்பாது. வீட்டார் எல்லோரும் எடுத்துப் பார்க்கும் கைப்பேசியில் மாதிரிப் படத்தைச் சேமித்தால் பாதி இரகசியம் போயிற்று. துருவிப் பார்க்கும் தங்கையை விரட்டாதீர்கள். பொத்தான் எடுத்துத் தரும் வேலையைக் கொடுங்கள். பங்கு பெற்றவள் எளிதில் காட்டிக்கொடுக்க மாட்டாள்.

இனி எல்லையைப் பற்றிக் கூறுகிறேன். இது நான் பட்டு அறிந்தது.

ஒன்பதாம் வகுப்பில் அப்பாவுக்கு இத்தகைய பை ஒன்றைத் தைத்தேன். முடிக்க வேண்டிய மாலையில், "சிறப்பு வகுப்பு இருக்கிறது" என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுத் தோழியின் வீட்டில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்துவிட்டேன். இருட்டியது தெரியவில்லை. அப்பா என்னை அழைத்துப் போகப் பள்ளிக்கு வந்திருக்கிறார். வாயிற்கதவு பூட்டியிருந்தது. அன்று சிறப்பு வகுப்பே இல்லை என்றார் காவலாளி. அப்பா சைக்கிளில் ரயில் நிலையம் வரை சென்று, நடைமேடை முழுவதும் தேடியிருக்கிறார். நான் வீடு திரும்பியபோது அம்மா வாசற்படியில் அழுதுகொண்டிருந்தார். பயத்தில் பையை அன்றே அப்பாவின் கையில் கொடுத்துவிட்டேன். வெகுநேரம் அதைப் பார்த்தபின் அவர் சொன்னார்: "பை நன்றாயிருக்கிறது, அம்மா. ஆனால் இந்த ஒரு மணி நேரத்தையும் சேர்த்தல்லவா எனக்குக் கொடுத்துவிட்டாய்!"

அப்பா அப்பையை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தினார். அதைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த மாலையே நினைவுக்கு வரும்.

மறைவாகப் பரிசளித்தவர் என்றதும் நான்காம் நூற்றாண்டில் மீரா நகர ஆயராக விளங்கிய புனித நிக்கோலாஸ் நினைவுக்கு வருகிறார். அவரது விழா டிசம்பர் 6. ஏழைத் தந்தை ஒருவரின் மூன்று பெண்களின் திருமணத்துக்காக, இரவில் அவர்கள் வீட்டினுள் பொன்முடிப்புகளை எறிந்தார் என்பது மரபுவழிச் செய்தி. கொடுப்பவர் யாரென அறிய விழித்திருந்த தந்தை இறுதியில் அவரைப் பிடித்துவிட்டார். அப்போதும் நிக்கோலாஸ், "நான் அல்லேன்" என்று மறுக்கவில்லை. பிறரிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டுமே வேண்டிக்கொண்டார். மௌனம் வேறு, பொய் வேறு என்பதற்கு இதனினும் நல்ல பாடம் வேண்டுமோ?

ஆகவே மாணவிகளே, யாரேனும் துருவிக் கேட்டால், "விழா அன்று சொல்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே கூறுங்கள். அது உண்மை. பாட்டியோ அக்காவோ, வீட்டில் பெரியவர் ஒருவருக்கேனும் முழுச் செய்தியும் தெரிந்திருக்கட்டும். பெற்றோரே, பிள்ளை புன்னகையோடு எதையேனும் பின்னால் ஒளித்தால், சற்றே வேறு பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் அவளுக்கு நீங்கள் அளிக்கும் ஒரு பரிசே.

பரிசு மறைந்திருக்கட்டும், பரிசு செய்யும் பிள்ளை எங்கிருக்கிறாள் என்பது மட்டும் வீட்டாருக்கு ஒருபோதும் மறையாதிருக்கட்டும்!