முதல் வரியை முதலில் எழுது

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ரஸ்ட் நிரலைப் படித்தேன். பிழையில்லாமல் ஓடுகிறது, சந்தோஷம். ஆனால் பில் தொகை போடும் ஃபங்ஷனின் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். மூன்று ஆர்குமென்ட், மூன்றும் ஐ64. எது விலை, எது எண்ணிக்கை, எது தள்ளுபடி? அழைக்கும் இடத்தில் இரண்டை இடம் மாற்றிக் கொடுத்தாலும் கம்பைலர் வாயே திறக்காது.

முதல் வேலையில் நானும் இப்படித்தான் எழுதினேன். ஃபங்ஷன் விலையைப் பைசாவில் எதிர்பார்த்தது, நான் ரூபாயில் கொடுத்தேன். 450 ரூபாய்ப் பொருள் நாலரை ரூபாய்க்குப் பில்லானது. மூன்று நாள் கழித்துக் கணக்குப் பிரிவிலிருந்து கூப்பிட்டபோதுதான் தெரிந்தது.

நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பர் 23 அன்று தொலைந்ததும் இந்த வகைத் தவறால்தான். தரையில் ஓடிய ஒரு மென்பொருள் கணத்தாக்கைப் பவுண்டு-விநாடியில் எழுதியது. அந்த எண்ணைப் பெற்ற மென்பொருள் அதை நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை என்பது சுமார் 4.45 நியூட்டன். வெறும் எண்ணாகப் போனதால் மென்பொருள் தடுக்கவில்லை. கலம் செவ்வாயை மிகத் தாழ்வாக நெருங்கித் தொலைந்தது.

நீ செய்ய வேண்டியது சின்ன வேலை. ஐ64-ஐ உள்ளே வைத்து 'பைசா' என்று ஒரு ஸ்ட்ரக்ட், 'எண்ணிக்கை' என்று இன்னொன்று, 'தள்ளுபடி' என்று மூன்றாவது. அதே எட்டு பைட்தான், ஓடும்போது கூடுதல் சுமை கிடையாது. 'டைப் பைசா = ஐ64' என்று மட்டும் எழுதிவிடாதே. அது மாற்றுப்பெயர்தான், கம்பைலர் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். நான் அதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

விலை தேடும் ஃபங்ஷனில், பொருள் கிடைக்காவிட்டால் -1 திருப்பி அனுப்புகிறாயே, அதையும் எடுத்துவிடு. யாராவது ஒருநாள் அந்த -1-ஐ விலையென்று நினைத்துக் கூட்டிவிடுவார்கள். 'ஆப்ஷன்' திருப்பி அனுப்பினால், பொருள் இல்லாத நிலைக்கு என்ன செய்வதென்று எழுதாமல் அழைப்பவரால் விலையை எடுக்க முடியாது.

ஃபங்ஷன்களின் உள்ளே இருக்கும் கணக்கை இப்போது திருத்தாதே. இன்றைக்கு முதல் வரிகளை மட்டும் திருத்தி, உடலுக்குப் பதிலாகத் தற்காலிகமாக 'டுடூ!' மேக்ரோவைப் போட்டுக் கம்பைல் செய். அழைக்கும் இடங்களில் எத்தனை எரர் வருகிறதென்று எண்ணி எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்