நோயின் செலவை யார் சுமப்பது?

எமது கிராமங்கள் பலவற்றில் மரண சகாயச் சங்கம் உண்டு. குடும்பங்கள் மாதந்தோறும் ஒரு சிறு தொகையைச் செலுத்துகின்றன. ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால், சங்கம் குறித்த பணத்தை அந்த வீட்டாரிடம் கொடுக்கிறது. காப்புறுதியின் தத்துவம் முழுவதும் இந்தச் சிறு சங்கத்தில் அடங்கியிருக்கிறது. அதையே நோய்க்கும் பொருத்திப் பார்ப்போம்.

ஒரு கணக்கு

ஓர் ஊரில் 100 குடும்பங்கள். ஆண்டுதோறும் அவர்களுள் ஒருவருக்கு 5 இலட்சம் ரூபாச் செலவில் சத்திரசிகிச்சை தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது யாருக்கு வரும் என்பது எவருக்கும் தெரியாது. வந்த குடும்பம் தனியே சுமந்தால் நகை அடகுக்குப் போகும். காணி ஈட்டுக்குப் போகும். 100 குடும்பங்களும் 5,000 ரூபா வீதம் முன்னரே சேர்த்து வைத்தால் எந்தக் குடும்பமும் கடனில் விழாது. செலவு குறையவில்லை, சுமை பகிரப்பட்டது.

ஆனால், "எங்களுக்கு நோய் நொடி இல்லையே" என்று சுகதேகிகளான 50 குடும்பத்தினர் விலகினால், மற்றவர்கள் 10,000 ரூபா வீதம் கட்ட நேரிடும். அது கண்டு இன்னும் சிலர் விலகுவர். ஈற்றில் நோயாளிகள் மட்டுமே மிஞ்ச, சங்கம் குலைந்துவிடும். காப்புறுதிக் கம்பனிகள் வயதையும் பழைய நோய்களையும் துருவி விசாரிப்பது இந்த அச்சத்தினாலேயே. அதனால், காப்புறுதி மிகவும் தேவையானவருக்கே அது எட்டாக்கனியாகிறது.

நாடுகள் கண்ட வழி

எல்லோரையும் சேர்த்துக்கொள்வதே இதற்குப் பரிகாரம். ஜேர்மனியில் பிஸ்மார்க் 1883இல் தொழிலாளருக்கு நோய்க் காப்புறுதியைக் கட்டாயமாக்கினார். தொழிலாளரும் முதலாளிமாரும் பணம் செலுத்தினர். பிரித்தானியா 1948இல் வரிப்பணத்தைக் கொண்டு அனைவருக்கும் வைத்தியம் வழங்கத் தொடங்கியது. ஐக்கிய அமெரிக்கா 1965இல் முதியோருக்கும் வறியோருக்கும் அரசாங்கத் திட்டங்களை ஏற்படுத்தி, ஏனையோரைப் பெரும்பாலும் தொழில்வழிக் காப்புறுதிக்கு விட்டது. அந்நாடு தேசிய வருமானத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கைச் சுகாதாரத்திற்குச் செலவிட்டும், அங்கு 2 கோடிக்கு மேற்பட்டோர் இன்னும் காப்புறுதி இல்லாமல் இருக்கின்றனர்.

எமது நாட்டில்

இலங்கையில் அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டணங்கள் 1951இல் நீக்கப்பட்டன. செலவு வரிப்பணத்திலிருந்து வருகிறது. கடையில் பொருள் வாங்கும் ஏழையும் அந்த வரியில் பங்கு செலுத்துகிறான். ஆகவே, ஆஸ்பத்திரியில் நாம் பெறுவது தருமம் அன்று. நாடு முழுவதும் சேர்ந்து நடத்தும் ஒரு பெரிய சகாயச் சங்கத்தின் உதவி.

எனினும், நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறத்தாழப் பாதியையே அரசாங்கம் ஏற்கிறது. மீதியில் பெரும்பகுதி குடும்பங்களின் கைப்பணம். தனியார் டாக்குத்தர், மருந்து, இரத்தப் பரிசோதனை என்று அது கரைகிறது. 2022இல் பொருளாதார நெருக்கடியால் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, வெளியே மருந்து வாங்கவேண்டிய நிலை பலருக்கும் வந்தது.

நீரிழிவும் இரத்த அழுத்தமும் மாதாமாதம் பணம் கேட்கும் நோய்கள். இங்கே பேராசிரியர் சேனக்க பிபிலேயின் பணி நினைவுக்குரியது. 1971இல் தோன்றிய அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவரே. கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பொதுப்பெயரால் வாங்கினால் செலவு வெகுவாகக் குறையும் என்பதை அவர் செயலில் காட்டினார். "இதே மருந்து குறைந்த விலையில் உண்டா?" என்று டாக்குத்தரிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

காப்புறுதி எடுக்குமுன்

தனியார் காப்புறுதி எடுக்க விரும்புவோர் கையொப்பமிடுமுன் இவற்றைக் கேட்டறிதல் நன்று:

1. ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் கிடைக்குமா? எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?
2. வாட்டில் தங்கினால் மட்டுமா, அன்றாட மருந்துக்கும் உண்டா?
3. ஆண்டொன்றுக்கு உச்சத்தொகை எவ்வளவு?
4. எந்த வயதுடன் முடிகிறது? பெற்றோரையும் சேர்க்கலாமா?

நல்லதொரு காப்புறுதி குடும்பத்திற்குத் துணை. ஆனால் அது பொது ஆஸ்பத்திரிக்கு ஈடாகாது. வசதியுள்ளோர் தனிவழி தேடிக்கொண்டு பொது ஆஸ்பத்திரியின் குறைகளைப்பற்றிப் பேசாதுவிட்டால், எமது பெரிய சங்கமும் மெல்ல மெல்லக் குலையும்.

குடும்பமாகச் சிந்திக்க

1. சென்ற மாதம் எமது வீட்டில் மருந்துக்கும் பரிசோதனைக்கும் எவ்வளவு செலவாயிற்று?
2. அதில் அரசாங்க கிளினிக்கில் பெற்றிருக்கக்கூடியது எது?
3. எமது ஊர்ச் சங்கம் நோயாளருக்கும் உதவ முடியுமா?