கடவுச்சீட்டு கேட்காத எல்லைகள்

பாரூரிலிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூருக்குச் செல்லும்போது, ஜூஜூவாடியைத் தாண்டியதும் நாம் வேறு மாநிலத்திற்குள் நுழைந்துவிடுகிறோம். பெயர்ப் பலகைகளில் எழுத்து மாறுகிறதேயன்றி, "நீ யார், எங்கே போகிறாய்?" என்று நம்மைக் கேட்பார் எவருமில்லை. ஒரு நாட்டின் இரு மாநிலங்களுக்கிடையே இது இயல்புதான். ஆனால் இரு நாடுகளுக்கிடையேயும் இவ்வாறு சென்று வர முடியும் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அத்தகைய எல்லைகளால் தொலைதூர நாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு விளைவது நன்மையா, தொல்லையா என்பதை இங்கே காண்போம்.

முதலில் இரண்டு சொற்களைப் புரிந்துகொள்வோம். கடவுச்சீட்டு என்பது நம் நாடு நமக்கு அளிக்கும் அடையாளம். விசா என்பது நாம் செல்லும் நாடு நமக்கு அளிக்கும் அனுமதி.

நம் அண்டை நாடாகிய நேபாளத்துடன் 1950 ஜூலை 31 அன்று இந்தியா நட்புறவு உடன்படிக்கை செய்துகொண்டது. சுமார் 1,750 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த எல்லையை இரு நாட்டு மக்களும் தரைவழியே கடவுச்சீட்டும் விசாவும் இன்றிக் கடக்கலாம். விமானத்தில் செல்லும் இந்தியர் கடவுச்சீட்டையோ வாக்காளர் அடையாள அட்டையையோ காட்ட வேண்டும். நம்மைப் போன்ற 15 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு, பள்ளி முதல்வர் உரிய படிவத்தில் தரும் அடையாளச் சான்றே போதுமாம்! நம் தலைமைச் சகோதரியின் கையொப்பத்திற்கு இத்தனை மதிப்பு உண்டு என்பதை அறிந்து மகிழ்ந்தோம்.

ஆனால் இச்சலுகை இந்தியருக்கும் நேபாளியருக்கும் மட்டுமே உரியது. புத்தர் பிறந்த லும்பினி நேபாளத்தில் உள்ளது. அவர் மறைந்த குசிநகரமோ நம் உத்தரப் பிரதேசத்தில் உள்ளது. இரண்டையும் தரிசிக்க வரும் தாய்லாந்து, ஜப்பான் நாட்டு யாத்திரிகர்கள் பலர் சுனௌலி என்னும் எல்லை ஊரைக் கடக்கிறார்கள். அங்கே உள்ளூர் மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் நடந்தே எல்லை தாண்டுவர். அதைப் பார்த்து வெளிநாட்டவரும் அவர்கள் பின்னாலேயே நடந்துவிட்டால் வந்தது வினை! அவர் இந்திய அலுவலகத்தில் வெளியேறும் முத்திரையும், நேபாள அலுவலகத்தில் விசாவும் நுழைவு முத்திரையும் பெற்றாக வேண்டும். அவருடைய இந்திய விசா ஒரே முறை நுழைவதற்கு உரியதாயின், லும்பினியைப் பார்த்துவிட்டு அதே விசாவில் இந்தியாவுக்குத் திரும்ப இயலாது.

பூட்டான் நாட்டிலும் இவ்வேறுபாடு உண்டு. இந்தியர் வாக்காளர் அட்டையுடன் செல்லலாம். ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம். மேலைநாட்டுப் பயணியோ விசா பெறுவதோடு, ஓர் இரவுக்கு 100 அமெரிக்க டாலரும் செலுத்த வேண்டும்.

ஐரோப்பாவின் முறை வேறு. 1985 ஜூன் 14 அன்று லக்சம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்னும் சிற்றூரில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கை, 1995 மார்ச் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்று அதில் 29 நாடுகள் உள்ளன. அங்கே வெளிவாசலில்தான் சோதனை கடுமை. ஒரு விசாவுடன் பிரான்சில் இறங்கும் நம் நாட்டவர், இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் அதே விசாவில் செல்லலாம். எனினும் கடவுச்சீட்டு எப்போதும் கையில் இருக்க வேண்டும். எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது. எல்லா நாடுகளிலும் தங்கிய நாட்களைச் சேர்த்தே கணக்கிடுவர். இங்கிலாந்து இக்கூட்டத்தில் இல்லை. ஆகவே பாரிசிலிருந்து லண்டனுக்குச் செல்ல வேறு விசா வேண்டும். ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசா உடையவர் லண்டன் சென்றால், அதைக் கொண்டு மீண்டும் பாரிசுக்குள் நுழைய முடியாது. சுனௌலியில் கண்ட அதே சிக்கல்தான்!

நேபாள எல்லை இரு வீட்டாருக்கு இடையே உள்ள கொல்லைப்புறக் கதவு போன்றது. அவ்விரு வீட்டார் மட்டுமே அதில் புகலாம். ஷெங்கனோ பல அறைகள் கொண்ட ஒரே வீடு. தலைவாசலில் அனுமதி பெற்ற விருந்தினர் எல்லா அறைகளுக்கும் செல்லலாம். எந்தக் கதவு யாருக்குத் திறந்திருக்கிறது என்று கேட்டறிவதே பயணியின் முதற்கடமை.

திறந்த கதவுகளும் சில வேளை மூடப்படும். 2020-இல் கொரோனா பரவியபோது நேபாள எல்லை மூடப்பட்டது. ஷெங்கன் நாடுகள் பலவும் தமக்குள் சோதனையை மீண்டும் தொடங்கின. நம் ஓசூர் எல்லையிலும் இ-பாஸ் கேட்டார்கள். அப்போது நாம் சிறுமியர். அத்திப்பள்ளிக்கு அப்பால் வேலைக்குச் சென்ற தந்தையர் வீட்டில் கவலையோடு அமர்ந்திருந்ததை நாம் மறக்கவில்லை. வழி மறிக்கப்பட்டவரின் வேதனை அன்று நமக்கு விளங்கிற்று.

திருக்குடும்பமும் எல்லை கடந்து எகிப்து நாட்டில் அந்நியராக வாழ்ந்ததை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். வேளாங்கண்ணியிலோ பெங்களூரிலோ நாம் காணும் வெளிநாட்டுப் பயணி ஒருவர், "அடுத்து நேபாளம் போகிறேன்" என்று சொன்னால், "திரும்பி வர உங்கள் விசாவில் இடமுண்டா?" என்று அன்போடு கேட்போம். அந்த ஒரு கேள்வி அவரைப் பெருந்துன்பத்திலிருந்து காக்கக்கூடும். அதுவும் விருந்தோம்பலே அன்றோ?